வருத்தத்துக்குள் அடித்த முரசு

முன்னொரு காலத்தில், மூக்குக்கு மேல் கோபம் வரும் செண்பகராயன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரசன் வாக்கில் எந்தச் சொல் அழுத்தமாக விழவேண்டுமோ, அந்த இடத்தில் முரசை ஓங்கி அடிப்பார்கள். காது போனவர்கள் பலபேர்.

ஒருநாள் புயலில் சிக்கிய ஸ்பானியக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் ஒதுங்கியது. பகைவர் கப்பலென்று நினைத்துத் தளவாய் வீரமல்லன் அதை எரித்துவிட்டான். கப்பல் தலைவன் தியேகோவின் தம்பி அதில் மாண்டுபோனான், பாவம். அரசனும் தன் தம்பியை வேட்டையில் பறிகொடுத்தவன்; அவனுக்கு மனசு கேட்கவில்லை. நேரில் வருத்தம் சொல்ல, தியேகோவை அழைத்துவர ஆளனுப்பினான். தியேகோ வந்து அரண்மனை வாசலில் காத்திருந்தான்.

தளவாய்க்கோ பழி தன்மேல் விழக்கூடாது. “அரசே, ‘அனுமதி கேட்காமல் வந்த கப்பல் எரிந்ததற்கு வருந்துகிறேன்’ என்று சொல்லுங்கள். ‘அனுமதி கேட்காமல்’ என்னும் இடத்தில் முரசு முழங்கட்டும். நம் விகடன் சூரப்பனுக்குத்தான் ஸ்பானிய மொழி தெரியுமே, அவனே சொல்லட்டும்” என்றான். சூரப்பன்மேல் அவனுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். தியேகோ வாளை உருவினால் முதல் வெட்டு யாருக்கு விழும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

சூரப்பன் கைகூப்பினான். “அரசே, அவர்கள் மொழியில் ‘சொல்கிறேன்’ என்று தொடங்கினால், சொல்லும் செய்தியை விருப்பம்போல் அழுத்தலாம். ‘வருந்துகிறேன்’ என்று தொடங்கினால் அது பொருந்தாது. நடந்ததை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதானே வருத்தம்? அதற்குள் போய் அழுத்தினால் வழக்காடுவதாகிவிடும்.”

“என் முரசுக்கு எந்த மொழியும் தடையில்லை. சொல்லாவிட்டால் உன் தலை இருக்காது.”

“உத்தரவு, அரசே. ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன்” என்று சூரப்பன் முரசுக்கோலை வாங்கினான். “தங்கள் தம்பி கவசம் அணியாமல்” என்று சொல்லி ஓங்கி ஓர் அடி அடித்தான். “வேட்டைக்குப் போய் இறந்ததற்கு வருந்துகிறேன்.”

அரசன் வாளோடு எழுந்தான். “துக்கம் விசாரிக்கிறாயா, குற்றம் சாட்டுகிறாயா?”

“தளவாய் காட்டிய இடத்தில்தான் அடித்தேன், அரசே.”

அரசனுக்கு உறைத்தது. பிறகு வாளை உறையில் போட்டு, முரசை வெளியே தூக்கிப்போகச் சொன்னான். தியேகோவை அழைத்து, “உன் தம்பி இறந்ததற்கு வருந்துகிறேன்” என்று மட்டும் சொன்னான். சூரப்பன் அதைத் தணிந்த குரலில் மொழிபெயர்த்தான். தியேகோ அழுது தீர்த்தான். பிறகு அவனே, “படகில் ஆளனுப்பி அனுமதி கேட்டிருக்கவேண்டும். எங்கள்மேலும் தவறுண்டு” என்றான்.

தியேகோ போனபின் அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சூரப்பன் கழுத்தில் போட்டான். சூரப்பன் தலை நிமிரவில்லை.

“தங்கள் தம்பியின் சாவை விளையாட்டுக்கு எடுத்துவிட்டேன், அரசே. வருந்துகிறேன்.”

“அவன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பான்” என்ற அரசன், தம்பிக்காகத் தான் சிரித்துக் காட்டப் பார்த்தான். முடியாமல் விம்மிவிட்டான்.