சுவரேறிய விளைச்சல்

ஒரே ஆறு, இரண்டு கரை, இரண்டு ராஜா. மேற்கரையை ஆண்ட மணிமார்ப ராயருக்கு இரண்டே ஆசைகள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். கீழ்க்கரை ராஜாவைவிடத் தாமே பெரியவர் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆசைக்குத் தீனி போட்டவர் பிரதானி அனந்தநம்பி. வருஷா வருஷம் எந்த நாட்டில் எத்தனை படி நெல் விளைந்தது என்று சபைச் சுவரில் இரண்டு கோடுகள் இழுக்க வைத்தார். கீழ்க்கரையின் நீலக்கோடு பத்து வருஷமாகப் படுத்தே கிடந்தது. மேற்கரையின் சிவப்புக்கோடோ விட்டத்தைத் தொட்டுவிட்டது. கூரையில் ஓட்டை போடலாமா என்று சித்திரக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

சூட்சுமம் வேறொன்றுமில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் ராஜா பெயர் பொறித்துப் புதுப் படி வார்ப்பது மேற்கரை வழக்கம். பிரதானி வருஷத்துக்கு வருஷம் படியைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார். வயலும் அதேதான், நெல்லும் அதேதான். படிக்கணக்கு மட்டும் எகிறியது. கீழ்க்கரையிலோ படி மாறவேயில்லை. அரண்மனை அடுக்களையில் மாத்திரம் பழைய படி. ராஜா சாப்பாட்டில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பிரதானி அத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். "விளைச்சல் இரட்டித்துவிட்டது அரசே, இனி ஆறில் ஒரு பங்கு வரி எதற்கு? மூன்றில் ஒரு பங்கு வாங்குவோம்" என்றார். மறுநாள் மத்தியானம் பறையறைய ராஜாவும் உத்தரவு போட்டுவிட்டார்.

சபையின் விகடகவி சாத்தப்பன் வெளியே வந்தான். வாசலில் அதற்குள் சேதி கேட்ட குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள்.

"மூணுல ஒண்ணு குடுத்துட்டா புள்ளைங்க வாயில எதைப் போடுறது சாமி?" என்றாள் வேம்பாயி. "பறை அடிச்சா ஆத்தைத் தாண்டிருவோம்."

 சாத்தப்பன் திரும்ப உள்ளே ஓடினான். "அரசே, அந்தப் படி இருக்கிறதே..." என்று ஆரம்பித்தான்.

"சுவரைப் பாரய்யா!" என்றார் ராஜா. "கீழ்க்கரையான் படுத்துத் தூங்குகிறான்!"

கோட்டில் மயங்கிக் கிடப்பவரிடம் பேசி என்ன பிரயோசனம்? சாத்தப்பன் நேரே அடுக்களைக்குப் போனான்.

மறுநாள் மத்தியானம் ராஜா இலைமுன் உட்கார்ந்தார். பிரதானி பக்கத்தில் நின்றார். வேளைக்கு இரண்டு படி அரிசிச் சோறு அவருக்கு அளவு. சாம்பாரோடு சோறு காலி. ரசம் இலையில் ஓட, அணைகட்டச் சோறில்லை.

"சோறு எங்கே?"

"தீர்ந்துபோச்சு பிரபு" என்றார் பரிசாரகர்.

"இரண்டு படி வடிக்கவில்லையா?"

"வடித்தோம் அரசே" என்று சாத்தப்பன் முன்னால் வந்து படியை நீட்டினான். "தங்கள் திருநாமம் பொறித்த இந்த வருஷத்துப் படி."

"இதுவா படி? உழக்கு மாதிரி இருக்கிறது! யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?"

"நாடு இரட்டித்ததே இந்தப் படியால்தானே அரசே! வயலுக்குப் பெரிதாக இருந்தது, இலைக்கு மட்டும் எப்படிச் சிறுத்துப்போகும்? பழைய படியை எடுத்தால் தங்கள் இலை நிறையும். ஆனால் சிவப்புக்கோடு சரிந்து நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் படுத்துவிடும். பறைக்காரன் வாசலில் நிற்கிறான். என்ன சொல்லட்டும்?"

ராஜா ரசத்தைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார்.

"நாட்டின் வளர்ச்சிக்காக அரசே, கொஞ்சம் பசி பொறுத்தால்..." என்று இழுத்தார் அனந்தநம்பி.

"நீர் பொறும்! இனி இந்தப் படி உம் வீட்டு அடுக்களைக்கு மட்டும். நாட்டுக்கெல்லாம் பழைய படி. வரி ஆறில் ஒன்றே. சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்! முதலில் சோறு போடுங்கள்!"

சோறு வந்ததும் ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது. தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"சாத்தப்பா, உனக்கு ஆயிரம் படி நெல் சன்மானம்!"

சாத்தப்பன் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னய்யா?"

"ஒரு சின்ன விண்ணப்பம் அரசே. அதைக் கீழ்க்கரைப் படியால் அளக்கச் சொல்லுங்கள்."