சிம்மாசன பிளான்

யானைக் கொட்டடிக்கு மேலே செல்போன் டவர் நின்ற நாடு ஒன்று உண்டு. அது எந்தக் காலம் என்று குடைகிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. மற்றவர்கள் கேளுங்கள்.

அந்த நாட்டு ராஜா மருதவேளுக்கு ராணிகள் இரண்டு, மைத்துனர்கள் நாலு, சித்தப்பா பெரியப்பாக்கள் ஒரு கூடம் நிறைய. ஆக மொத்தம் இருபத்து மூன்று செல்போன். பெரிய ராணி தினம் மூன்று ஜிபி பிளான் போட்டால் சின்ன ராணி நாலு ஜிபி போடுவாள். அதைக் கேட்டு மைத்துனர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். போன மாதம் ரீசார்ஜ் செய்யப் பட்டத்து யானையின் முகபடாமை அடகு வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ராஜாவைக் கண்டால் யானை முதுகைக் காட்டி நின்றுகொண்டது.

யானையே மதிக்காத ராஜாவை யார் மதிப்பார்கள்? மருதவேள் சபையைக் கூட்டினார். அமைச்சர் மங்கைபாகருக்கு சபையின் விகடன் அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. அவன் சொன்னால் ராஜா சிரிக்கிறார், தான் சொன்னால் கொட்டாவி விடுகிறார் என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல். இதற்கு அம்பலத்தாடியை விட்டால் ஆளில்லை என்று தேனொழுகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ராஜா உடனே ஆணையிட்டார். குடும்பம் முழுவதற்கும் மாதம் பத்துப் பொன்னுக்குள் பிளான் வேண்டும். "பேசாதே" என்று யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்கு இது போதவில்லை என்று ஒருவரும் அவரிடம் வந்து அழக் கூடாது. ஒரு மாதம் இப்படி ஓடினால் பரிசு, ஓடாவிட்டால் அம்பலத்தாடியின் தலை.

அம்பலத்தாடி போன் கடைக்கு ஓடினான். பத்துப் பொன்னுக்குள் அடங்கும் பிளான் ஒன்றே ஒன்று இருந்தது. வருகிற அழைப்பில் எத்தனை மணி நேரமும் பேசலாம்; நாமாகக் கூப்பிட்டால் நிமிடத்துக்கு ஒரு பொன். அதை இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். இதைக் கொண்டுபோய் ராணிகளிடம் கொடுப்பது எப்படி?

கழுத்தைத் தடவிக்கொண்டே திரும்பியவனைப் பெரிய ராணி தன் மாளிகை வாசலில் பிடித்துக்கொண்டாள். எட்டு நாள் அவளுக்குக் காய்ச்சலாம். சின்ன ராணியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லையாம்.

"ஒரு போன் பண்ணி எப்படி இருக்கீங்க அக்கான்னு கேட்டாளா அவ?"

"நீங்களே பண்ணிப் பேசியிருக்கலாமே, மகாராணி?"

"நானா? நான் எதுக்குப் பண்ணணும்? நான் என்ன அவளுக்குக் கீழேயா?"

அம்பலத்தாடி அந்தக் கணமே காலில் விழுந்து கும்பிட்டான். காய்ச்சலுக்காகத்தான் என்று ராணி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ராஜாவின் முத்திரையோடு அரண்மனையில் முரசு அறைந்தார்கள். பிளான் இரண்டு வகை. ஒன்று சேவகப் பிளான்: நாள் முழுக்க நீங்கள் யாரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். மற்றது சிம்மாசன பிளான்: நீங்கள் அசையவே வேண்டாம், மற்றவர்கள்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். இனி அரச குலத்தில் கூப்பிடுகிறவர் சிறியவர், கூப்பிடப்படுகிறவர் பெரியவர். விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம்.

பொழுது சாய்வதற்குள் இருபத்து மூன்று பேரும் சிம்மாசன பிளானுக்கு முண்டியடித்தார்கள். தனக்குத்தான் முதலில் வேண்டும் என்று ஒரு சித்தப்பா தரையில் புரண்டார்.

அதன் பிறகு அரண்மனையில் ஒரு போனும் ஒலிக்கவில்லை. ஆளாளுக்குப் போனைப் பட்டு மெத்தையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மைத்துனர் நீராழிக் குளத்தில் வழுக்கி விழுந்தார். யாராவது கூப்பிட்டு "விழுந்துட்டீங்களா?" என்று கேட்பார்கள் என்று கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் அரை நாள் நின்றார். தானாகக் கூப்பிடவில்லை. மானம் பெரிதல்லவா.

மாதம் முடிந்தது. செலவு ஒன்பது பொன். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மங்கைபாகர் அவர் காதருகே குனிந்தார். "இவ்வளவு பெரிய காரியம் செஞ்சவனுக்கு நீங்களே போன் போட்டுப் பரிசைச் சொன்னா எவ்வளவு கௌரவம், மகாராஜா."

ராஜா குஷியாக எண்ணை அழுத்தினார். சபையில் எதிரே நின்ற அம்பலத்தாடியின் இடுப்பில் போன் அலறியது. மங்கைபாகரின் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. எடுத்தால் ராஜா சிறியவர், இவன் பெரியவன்: ராஜத்துரோகம். துண்டித்தால் ராஜாவை அவமதித்தது: அதுவும் ராஜத்துரோகம். இரண்டுக்கும் ஒரே கழுத்துதான் இருந்தது.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போன் அலறி அலறித் தானே ஓய்ந்தது.

ராஜாவின் முகம் சிவந்தது. "நான் கூப்பிடறேன், நீ எடுக்காம நிக்கிறியா?"

"எடுத்தாத்தானே மகாராஜா நீங்க கூப்பிட்டதா ஆகும்? எடுக்காத வரைக்கும் அது மிஸ்டு கால். மிஸ்டு கால் கொடுக்கிறவர் எந்த ஊர்லயாவது சின்னவரா? 'என் காசு செலவாகாது, உன் காசுல நீ கூப்பிடு'ன்னு அதிகாரமாச் சொல்றவர் அவர். அது அழைப்பே இல்லை. ஆணை."

மங்கைபாகரின் சிரிப்பு பாதியில் நின்றது. மாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரிய ராணி சட்டென்று சின்ன ராணிக்கு ஒரு மிஸ்டு கால் விட்டாள். சின்ன ராணி உடனே திருப்பி விட்டாள். மைத்துனர்கள் சித்தப்பாக்களுக்கு ஆணையிட்டார்கள், சித்தப்பாக்கள் மைத்துனர்களுக்கு ஆணையிட்டார்கள். அரண்மனை முழுக்க மணி அடித்தது. எடுப்பார் ஒருவரும் இல்லை, செலவும் இல்லை.

ராஜா சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சரி, என் ஆணை வந்தாச்சில்ல? இப்பக் கூப்பிடு என்னை. பரிசு என்னன்னு போன்லயே சொல்றேன்."

அம்பலத்தாடி தலையைச் சொறிந்தான்.

"பரிசை முதல்ல கையில கொடுத்துடுங்க, மகாராஜா. ரீசார்ஜ் பண்ணிட்டு, அது என்னன்னு கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."