அருவிக்குப் போன வரிசை

நரி செவத்தான் மாதம் ஒரு தடவை, காட்டிலுள்ள வயதான பிராணிகளை அருவிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும். காலையில் புங்கமரத்தடியில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். கட்டணம் கிடையாது. "எல்லாம் ஒரு சேவைதானுங்க!" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லும். விதி ஒன்றே ஒன்றுதான். பின்தங்கினவருக்காக யாரும் நிற்கக் கூடாது!

போன மாதம் ஐந்து பேர் போனார்கள். நான்கு பேர்தான் திரும்பினார்கள். கௌதாரி ராக்கியம்மாவைக் காணோம்.

"அவங்களுக்கு அருவி ரொம்பப் பிடிச்சுப்போச்சு! அங்கேயே தங்கிட்டாங்க!" என்றது நரி. எல்லாம் நம்பின. சிலதுகள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டன.

கிழ முயல் பூவாத்தா மட்டும் நம்பவில்லை. ராக்கியம்மா அதற்குப் பக்கத்துப் புதர். இறகில் ஒரு பனித்துளி விழுந்தாலே "ஐயோ, நனைஞ்சுட்டேன்!" என்று காட்டையே கூட்டிவிடும். "சாரல் படாத இடமாப் பார்த்து நின்னுக்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சுற்றுலாவுக்கே போனது. அதுவா அருவிக்கரையில் குடியிருக்கும்?

பூவாத்தாவுக்குப் பின்னங்காலில் வாதம். பத்தடி நடந்தால் ஒரு தடவை நிற்க வேண்டும். ஆனாலும் இந்த மாதம் புங்கமரத்தடிக்கு முதலில் வந்து நின்றது அதுதான். அருவியைப் பார்க்க வேண்டும். ராக்கியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றும் தெரிய வேண்டும்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா வர்றீங்க, அக்கா?" என்று நரி சப்புக்கொட்டியது. "பரவாயில்லை, கடைசியில மெதுவா வாங்க!"

"இல்லீங்க தம்பி. நான் முன்னாலதான் நடப்பேன்."

கிழ மயில் வண்ணமுத்து சிரித்தது. "உன் பின்னால நடந்தா நாம அருவிக்குப் போக வேண்டியதில்லை. அருவியே நம்மளத் தேடி வந்துடும்!"

"வரட்டுமே! உனக்கு என்ன அவசரம்? போன வருஷம் உதிர்ந்த தோகை அங்கே காத்துக்கிட்டிருக்கா?"

சருகுமான் நஞ்சக்கா களுக்கென்று சிரித்தது.

"கேளுங்க," என்றது பூவாத்தா. "வேகமா நடக்கிறவங்க முன்னால போயிட்டா, பின்னால யார் விழுந்தா, யார் நின்னான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் முன்னால போறேன். என் பின்னால நஞ்சக்கா. அப்புறம் வண்ணமுத்து. கடைசியில சுள்ளியண்ணன்."

முள்ளம்பன்றி சுள்ளியப்பன் மெதுவாகத் தலையாட்டியது. "எனக்கும் அதுதான் சௌகரியம். முதுகுக்குப் பின்னால யாராவது நின்னா எனக்கு ஆகாது."

"நேரமாயிடும்!" என்று கத்தியது நரி. "விதி என்னாகிறது?"

"விதி உன்னுது. கால் என்னுது!" என்றபடி பூவாத்தா நடக்க ஆரம்பித்தது.

பத்தடி நடந்தது. நின்றது. வரிசையும் நின்றது. முதலில் எல்லாம் முணுமுணுத்தன. அப்புறம் ஒரு நெல்லி மரத்தடியில் நின்றபோது மயில் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "உண்மையைச் சொன்னா, என் முட்டியும் காலையிலேருந்து வலிதான்."

வெயில் ஏறும் வேளையில் மூங்கில் காடு வந்தது. ஒற்றையடிப் பாதை. நரியின் கண் பளபளத்தது.

"வழி நேரேதானுங்க! நீங்க போய்க்கிட்டே இருங்க. பின்னால யாராச்சும் விட்டுப்போச்சான்னு நான் பார்க்கிறேன்!" என்று சொல்லி வரிசையின் கடைசிக்குப் போனது.

அங்கே இருந்தது முள் முதுகு மட்டும்தான்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் முன்னால போங்களேன்!"

"வரிசைன்னா வரிசைதான் தம்பி."

நரிக்குக் காலையிலிருந்தே பசி. நொண்டி முயலோ எட்டாத தூரத்தில். மயிலின் தொடையோ ஒரே தாவலில். பொறுக்க முடியவில்லை. தாவிவிட்டது!

சுள்ளியப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தது.

"ஐயோ! என் மூக்கு! என் மூக்கு!"

மூஞ்சியெல்லாம் முள்ளாக நரி பக்கத்துப் புதரில் விழுந்து, புரண்டு, எழுந்து ஓடியது. அப்புறம் அந்தக் காட்டுப் பக்கமே அது வரவில்லை.

புதரடியில் சருகு கலைந்து கிடந்தது. அதற்கடியில் புள்ளி போட்ட ஓர் இறகு. வண்ணமுத்து குனிந்து பார்த்தது. இறகைப் பற்றி மயிலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"கௌதாரி இறகு," என்றது. அதன் குரலில் கேலி இல்லை.

நஞ்சக்கா வந்த பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னது: "திரும்பிடலாங்க்கா. வழிகாட்டவும் ஆள் இல்லை."

"அருவிச் சத்தம் கேக்குதுல்ல? அதைவிடவா ஒரு வழிகாட்டி வேணும்?" என்றது பூவாத்தா. "ராக்கி இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போயிட்டா. நான் பார்த்துட்டுத்தான் திரும்புவேன்!"

இறகை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைத்தது. வரிசை பின்னால் நகர்ந்தது.

அருவி பாறைமேல் வெள்ளையாக விழுந்து சிதறிக்கொண்டிருந்தது. மயில் நேராக அடியில் போய் நின்று தொப்பலாக நனைந்தது. சருகுமான் மீசையில் பட்ட சாரலை நக்கிப் பார்த்தது. பூவாத்தாவுக்குக் கால் வலி போகவில்லை. ஆனால் அதை நினைக்க அப்போது நேரமில்லை.

சாரல் எட்டாத ஒரு பாறையிடுக்கைத் தேடி, இறகை அங்கே செருகி வைத்தது.

"இங்கேருந்து பாரு ராக்கி. நனையாது."

பொழுது சாயும் நேரத்தில் அதே வரிசை புங்கமரத்தடிக்குத் திரும்பியது. போனதும் நான்கு. வந்ததும் நான்கு.

அடுத்த மாதம் சுற்றுலாவுக்குப் பதினோரு பேர் வந்து நின்றார்கள். பூவாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "யாருக்குக் கால் ரொம்ப வலிக்குது? முன்னால வாங்க!"

கூட்டமாகப் பயணம் போகிறவர்கள் மெதுவாக நடப்பவரை முன்னே விட வேண்டும். அவரைப் பின்னே விட்டுவிட்டுப் போகும் வேகம், யாரோ ஒருவரின் பசிக்குத்தான் உதவும்.