புரட்டாசிப் பிரியாணிக்கு ஒரு ரகசியச் செயலி

ஊருக்கு நாலு முட்டாள் இருப்பது வழக்கம். மேட்டுப்புதூருக்கு மூன்று பேரே போதுமாக இருந்தது: திருவேங்கடம், குப்பாண்டி, சிங்காரம்.

புரட்டாசி மூன்றாவது வாரம். திருவேங்கடத்தின் மனைவி அலமேலு, பெருமாளுக்கு விரதம் இருந்தாள். "இந்த மாசம் கவிச்சியைத் தொட்டீங்க, தீபாவளி வரைக்கும் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பாவம், மனுஷனுக்கு நாக்கு செத்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் மட்டன் பிரியாணி போடுவதென்று முடிவாயிற்று. வாய்விட்டுப் பேசினால் வம்பு என்று செல்போனில் ரகசியச் செயலி தேடினார்கள்.

முதல் செயலி, "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றது. அடுத்த வரியிலேயே கடவுச்சொல்லைக் கேட்டது.

"சொல்லாதேன்னு சொல்லிட்டு அதுவே கேக்குது பாரு! நம்மள ஆழம் பாக்குதுடா" என்றான் குப்பாண்டி. உடனே அதை அழித்தார்கள்.

இரண்டாவதில் செய்தி பத்து நொடியில் தானே மறையும். சிங்காரமோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஆறு தடவை அனுப்பியும் 'ஞாயிறு' என்பதற்கு மேல் போகவில்லை. என்னவோ விசேஷம் என்று வேட்டியைத் துவைத்துப் போட்டான்.

மூன்றாவது செயலி, "உங்கள் மூவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது" என்று சத்தியம் செய்தது. செய்தியும் ஜோராக வந்தது. ஆனாலும் திருவேங்கடத்துக்குச் சந்தேகம் தீரவில்லை.

"வேற யாருக்கும் போகலன்னு எப்படிடா நம்புறது?"

"கேட்டாத்தானே தெரியும்?" என்றான் சிங்காரம்.

கிளம்பிவிட்டார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஞாயிறு பன்னிரண்டரைக்கு மேலக்காட்டுப் பம்புசெட்டுல பிரியாணி, அலமேலுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு செய்தி. உங்களுக்கு வந்துச்சா?" என்று விசாரித்தார்கள். முப்பத்தெட்டு வீட்டிலும் வரவில்லை. கடைசியாக அலமேலுவையும் கேட்டார்கள்.

"எனக்கு வரலையே" என்றாள் அவள். "எந்தப் பம்புசெட்டுன்னீங்க?"

திருவேங்கடம் பொறுமையாக வழி சொன்னான். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவின் தம் உடைக்கிற நேரத்துக்குத் தெருவே தட்டோடு வந்து நின்றது. முன்னால் அலமேலு. கரண்டியைப் பிடுங்கி ஊருக்கே பரிமாறினாள். மூன்று பேருக்கும் தேய்க்க அண்டா மட்டும் கிடைத்தது.

"செயலி கெட்டியானதுதான்டா" என்றான் குப்பாண்டி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு. "இத்தனை பேர்ல ஒருத்தராவது செய்தியைப் படிச்சுட்டு வந்தாங்களா?"

"அதைவிட அலமேலு கெட்டி" என்றான் திருவேங்கடம் பெருமையாக. "இங்க வரப்போறதை எங்கிட்டகூட மூச்சு விடலையே!"

இப்படி ரகசியம் காக்கிற ஆளை வெளியே விடலாமா? அன்று சாயங்காலமே அவளைக் குழுவில் சேர்த்து அட்மினும் ஆக்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கு மீன் வறுவல் என்று செய்தி போட்டார்கள்.