ரோட்டை மட்டும் பார்த்து வந்தவர்கள்

"இன்னும் ஒண்ணும் கடக்கலீங்க," என்றான் வெள்ளிங்கிரி, ஓம்னி வேனின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

கேட்டது பஸ் கண்டக்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதை அது. வேனுக்குப் பின்னால் அவருடைய பஸ், அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டி, அதற்கும் பின்னால் வளைவு வரைக்கும் கார்கள். எல்லாம் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேன் மட்டும் அசையவில்லை. அதற்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு பலகை இருந்தது. 'வனவிலங்குகள் கடக்கும் பகுதி. வழி விடவும்.'

வழி விட்டாயிற்று. விலங்குதான் வரவில்லை.

கண்டக்டர் சொன்ன சிலதை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்தது இவ்வளவுதான்: விலங்கு வந்தால் நில்லு, வராவிட்டால் போ. இது வேனுக்குள் இருந்த எட்டுப் பேருக்கும் புரியவில்லை. வராததை எப்படிப் பார்ப்பது? பார்க்காமல் எப்படிப் போவது?

"முன்னாடியே ஒரு கொரங்கு கடந்துச்சுங்ளே," என்றான் செம்மலை. பின்சீட்டில் நாலு பேருக்கு நடுவில் மாட்டியிருந்தான்.

எல்லோரும் நாச்சிமுத்தண்ணனைப் பார்த்தார்கள். பலகையை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனால் யோசிக்கிற வேலையும் அவருடையது.

"கடந்துச்சு," என்றார் நாச்சிமுத்து. "ஆனா திரும்பி வந்துருச்சல்லோ. இக்கட்டருந்து அக்கட்டப் போயி, அக்கட்டருந்து இக்கட்ட வந்தா, அது இருந்த எடத்துலயேதான் இருக்குது. அது கணக்குல சேராது."

குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்த அனுபவம் இல்லை போல.

கண்டக்டர் பையைத் தோளில் சரித்துக்கொண்டு வேனுக்கு முன்னால் போனார். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார். அங்கே நின்று, "கடந்தாச்சு, போங்கடா," என்றார்.

செம்மலை மரியாதையாகக் கேட்டான். "நீங்க வனவிலங்குங்களா?"

"காலைல வீட்ட விட்டுக் கெளம்பும்போது இல்லடா. இப்ப அப்படித்தான்."

அவரே ஒத்துக்கொண்ட பிறகு என்ன? வேன் கிளம்பியது.

இந்த எட்டுப் பேரும் பந்தல் போடுகிறவர்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பந்தல், நாற்காலி, சீரியல் லைட் வாடகைக்கு விடும் துளசிமணி அக்காவிடம் வேலை. அக்கா அண்மையில் ஒரு பழைய ஓம்னி வேன் வாங்கினாள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு வேலையும் இல்லை, அழகான ரோடாகப் பார்த்து ஆற அமர நெடுந்தூரம் கூட்டிப்போனால் வாடகை தருவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். எந்த ரோடு அழகு என்று அவளுக்குத் தெரியாது. பந்தலை விட்டு அவள் எங்கே போனாள்?

அதனால் வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டாள். லைசென்ஸ் வைத்திருப்பவன் அவன் ஒருவன். மெதுவாகப் போ, பலகையில் போட்டிருப்பதைக் கேட்டு நட, எந்த ரோடு அழகோ அதைப் பார்த்து வந்து சொல் என்றாள். சரியாகச் சொன்னால் வேனுக்கு அவன்தான் டிரைவர். தப்பாகச் சொன்னால் பழையபடி கடப்பாரை.

கடப்பாரை என்றால் பந்தல் கால் நட குழி தோண்டுவது. சித்திரை வெயிலில் கல்யாண மண்டபத்து வாசலில் பாறை மாதிரி இறுகின தரையில் தோண்டிப் பார்த்தால் தெரியும். வெள்ளிங்கிரியின் உள்ளங்கை பழைய செருப்பு மாதிரி இருக்கும். டிரைவர் வேலை கிடைக்காவிட்டால் அந்தக் கையோடுதான் சாக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மற்ற ஏழு பேர் ஏன் வந்தார்கள் என்றால், வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சவுக்குக் கட்டைகளும் கயிறும் வேனின் மேலே ஏன் இருந்தன என்றால், இறக்கு என்றும் யாரும் சொல்லவில்லை.

காலையில் கிளம்பியதிலிருந்தே மெதுவாகத்தான் போனார்கள். ஆழியாறு வருவதற்குள் ஒரு செம்மறிக் கூட்டம் அவர்களை முந்திக்கொண்டு போனது. ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்த்து, வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அணை தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் நீல மலை, மலை உச்சியில் மேகம். செம்மலை வாயைப் பிளந்துவிட்டான்.

"அங்கென்னடா பாக்கற?" என்றார் நாச்சிமுத்து.

"டேமுங்கண்ணா. எத்தன அழகா இருக்குது பாருங்."

"அக்கா எதப் பாத்துட்டு வரச் சொன்னாங்க?"

"ரோட்ட."

"டேம் ரோடா?"

செம்மலைக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு எட்டுப் பேரும் ரோட்டையே பார்த்தார்கள். தேயிலைத் தோட்டம் வந்தது, அருவி வந்தது, பாறைமேல் வரையாடு நின்றது. ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. நடுவில் ஒருவன் மட்டும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது என்றான். காதையும் ரோட்டிலேயே வை என்று சொல்லி அவனை அடக்கினார்கள்.

கண்டக்டர் கடந்து காட்டிய இடத்துக்கு அடுத்த வளைவில் அடுத்த பலகை. 'ஒலி எழுப்பவும்.'

வேனின் ஹாரன் வாங்கும்போதே செத்திருந்தது. எழுப்பச் சொன்னால் எழுப்பித்தான் ஆக வேண்டும். கூட்டத்தில் பெரிய தொண்டை செம்மலைக்கு. பந்தல் உச்சியில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி கீழிருந்து கத்திப் பழகிய தொண்டை. அவனை இறக்கி வளைவு முனைக்கு அனுப்பினார்கள். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் ஒரு பெரிய பாறைச் சுவர்.

"வர்றோமுங்க," என்று கத்தினான் செம்மலை.

"வர்றோமுங்க," என்றது எதிர்ப்பக்கம்.

செம்மலை ஓடிவந்தான். எதிரில் வண்டி வருகிறது, ஆளும் மரியாதையான ஆள் என்றான். நாச்சிமுத்து யோசித்தார். குறுகலான வளைவு, ஒரு வண்டி நின்றால்தான் இன்னொன்று போக முடியும். நம் ஊர்ப் பழக்கம் என்ன, அவரையே முதலில் வரச் சொல் என்றார்.

"நீங்க மொதல்ல வாங்க," என்று கத்தினான்.

"நீங்க மொதல்ல வாங்க."

"இல்லீங், நீங்கதான் வரோணும்."

"நீங்கதான் வரோணும்."

இப்படி அரை நாழி போயிற்று. பஸ் கண்டக்டர் மறுபடி இறங்கவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் டிரைவரின் தோளில் தலை வைத்துப் படுத்துவிட்டார். வேனுக்குள் எல்லோருக்கும் அந்த எதிர்ப்பக்கத்து மனிதர்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது. இந்தக் காலத்தில் இப்படி விட்டுக்கொடுக்கிற ஆள் எங்கே இருக்கிறார்? சாப்பிட்டாரா என்று கேட்கச் சொன்னார் நாச்சிமுத்து. செம்மலை கேட்டான். அவரும் பதிலுக்கு அதையே விசாரித்தார். விருந்துக்குக் கூப்பிட்டான். அவரும் கூப்பிட்டார்.

"பேர் கேளு," என்றார் நாச்சிமுத்து.

"உங்க பேர் என்னங்க?"

"உங்க பேர் என்னங்க?"

"நான் செம்மலைங்க."

"நான் செம்மலைங்க."

செம்மலை வேனுக்குத் திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. பேரும் ஒன்று, பேச்சும் ஒன்று, ஒருவேளை பங்காளியாகக்கூட இருக்கலாம், அவர் இத்தனை கூப்பிட்டும் நாம் நிற்பது முறையில்லை என்றான். அவன் சொன்னதைக் கேட்டு வெள்ளிங்கிரி வண்டியை எடுத்தான். வளைவைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"பாத்தீங்களா," என்றார் நாச்சிமுத்து. "நமக்கு வழி விடறதுக்காகத் திரும்பியே போயிட்டாரு."

வால்பாறை போய் டீ குடித்தார்கள். வெள்ளிங்கிரியின் டீ மட்டும் ஆறியது. ஏறி வந்த வழி முழுக்க அவன் ரோட்டைப் பார்த்திருந்தான். ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது, ஓரிடத்தில் மழைத் தண்ணீர் அரித்திருந்தது, ஓரிடத்தில் யானை லத்தி. இதில் எதை அழகு என்று அக்காவிடம் சொல்வது? டீக்கடைக்காரரிடம் கேட்டான். நீங்கள் வந்த ரோடுதான் தம்பி இந்த மலையிலேயே அழகு என்றார் அவர். இந்த ஆளுக்குக் கண் பழுது என்று எட்டுப் பேரும் முடிவு செய்து எழுந்தார்கள்.

இறங்கும்போது பஸ் அவர்களுக்கு முன்னால் போனது. கண்டக்டர் அதற்காகவே டீ குடிக்காமல் கிளம்பியிருந்தார்.

மலை இறங்கியாயிற்று, அணை போயிற்று, பொழுது சாய்ந்தது. ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம். கடப்பாரை வெள்ளிங்கிரியின் கண்ணுக்கு முன்னால் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் தென்னந்தோப்புக்கு நடுவில் கிளை பிரிந்த பாதையில் அவன் அதைப் பார்த்தான்.

புது கான்கிரீட் ரோடு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் போட்டு முடித்திருப்பார்கள். ஒரு பள்ளம் இல்லை, ஒட்டு இல்லை, லத்தி இல்லை. மாலை வெயில் பட்டு நனைந்த தோசைக்கல் மாதிரி மின்னியது. எட்டுப் பேரும் இறங்கி வரிசையாக நின்றார்கள். செம்மலை செருப்பைக் கழற்றிவிட்டான்.

வெள்ளிங்கிரி அக்காவுக்குப் போன் செய்தான். கிடைத்துவிட்டது, இதைவிட அழகான ரோடு உலகத்தில் இல்லை என்றான். அக்காவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வியாபாரக்காரி இல்லையா?

"பாத்தா மட்டும் ஆச்சா, கண்ணு? குலுங்காமப் போகுதான்னு தெரிய வேண்டாமா? அந்த ரோட்டுல வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வா. ஓட்டிட்டு வந்தீன்னா சாவி உங்கிட்டயேதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நாச்சிமுத்து ரோட்டின் முனையில் இரண்டு தார் டிரம்களுக்கு நடுவே மாட்டியிருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். 'வேலை நடைபெறுகிறது. வாகனங்கள் செல்லக் கூடாது.'

வெள்ளிங்கிரி தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா போகச் சொல்கிறாள். பலகை போகாதே என்கிறது. பலகையைக் கேட்டு நடக்கச் சொன்னவளும் அக்காதான். அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

நாச்சிமுத்து பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு பின்னால் போய்ப் படித்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வாகனங்கள் போகக் கூடாதுன்னுதான போட்டிருக்குது," என்றார் மெதுவாக. "மனுசங்க போகலாமல்லோ?"

"போலாமுங்."

"மனுசங்க கையில எதையாவது கொண்டுட்டுப் போலாமா?"

"கொண்டுட்டுப் போகாதேன்னு எழுதலீங்களே."

அவ்வளவுதான். பந்தல்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குக் கட்டைகளை இறக்கி வேனுக்கு அடியில் குறுக்கே விட்டுக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஏழு பேர் தோள் கொடுத்தார்கள். மந்திரி வந்தபோது இதைவிடக் கனமான வரவேற்பு வளைவு வைத்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். மந்திரி வளைவில் முப்பது பேர் இருந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. தோள் கொடுக்க வந்த வெள்ளிங்கிரியை நாச்சிமுத்து திட்டினார். ஓட்டச் சொன்னது உன்னை, நீ இறங்கி நடந்தால் அக்கா யாருக்கு வேலை கொடுப்பாள், ஏறி உட்கார் என்றார். ஏறி உட்கார்ந்தான்.

வேன் தரையை விட்டுக் கிளம்பியது. ஏழு பேரும் புது கான்கிரீட்டில் கால் வைத்தார்கள். கணுக்கால் வரைக்கும் இறங்கியது. மேலே பார்க்காமல், பார்த்துப் பழகியபடி ரோட்டையே பார்த்து நடந்தார்கள்.

வெள்ளிங்கிரிக்கு அப்படி ஒரு பயணம் அதுவரைக்கும் வாய்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. காற்று வந்தது. தென்னை மரம் ஒவ்வொன்றாகப் பின்னால் போனது. இந்தச் சுகத்துக்குக் கோயம்புத்தூர்க்காரன் சொத்தையே எழுதித் தருவான் என்று நினைத்துக்கொண்டான்.

பாதி தூரத்தில் நடை நின்றது. கான்கிரீட் இறுக ஆரம்பித்திருந்தது. முன்னாலும் கால் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. இறக்கி வைக்கவும் வழியில்லை. கீழே ரோடு, வேன் வாகனம், வாகனம் ரோட்டில் படக்கூடாது. ஏழு பேரும் நட்ட பந்தல் கால்கள் மாதிரி நின்றார்கள். குழி தோண்டாமல் நட்டதில் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெகு நேரமாகியும் ஆளைக் காணோமே என்று துளசிமணி அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேடி வந்தாள். டிரம்களுக்கு அருகே நிறுத்தினாள். பார்த்தாள். ஸ்கூட்டரின் லைட்டைப் போட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"டேய் வெள்ளிங்கிரி," என்றாள். "என்னடா பண்ற மேல?"

"ஓட்டறேனுங்கக்கா," என்றான் அவன்.

பொய் சொல்கிறவன் இல்லை அவன். முதல் கியரில் எடுத்து, இரண்டுக்கு மாற்றி, மூன்றுக்கு வந்திருந்தான். தென்னந்தோப்பு வளைவுக்கு இண்டிகேட்டர் போட்டான், ஸ்டீயரிங்கைத் திருப்பினான், எதிரே வந்த மயிலுக்கு பிரேக் பிடித்தான், கண்ணாடியில் பின்னால் பார்த்தான், ஹாரன் இல்லாத குறைக்கு வாயாலேயே அடித்தான். ஒரு டிரைவர் என்னவெல்லாம் செய்வானோ அத்தனையும் செய்தான். அக்கா ஓட்டச் சொன்ன வண்டி மட்டும் ஓடவில்லை.