குத்திப் பார்த்த அம்பாரம்

குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். முதலில் உப்பு விழுந்தது. அப்புறம் மண் விழுந்தது.

உப்பளத்துக் கங்காணி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஏல, ஓலையில எதுக்குல ஓட்டை போட்ட?"

"அண்ணே, உள்ள மண்ணு இருக்கு."

"உன்னை அளக்கத்தான சொன்னாங்க. அளந்தமா போனமான்னு இருக்கணும்."

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புக்கு அம்பாரம் என்று பெயர். ஓட்டு வீடு மாதிரி நீளமாகக் குவிப்பார்கள். மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடிவிடுவார்கள். மூடியதை விற்கிற வரைக்கும் யாரும் பிரிக்க மாட்டார்கள். ஓலையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் இறங்கி உப்பு கரைந்துவிடும். அதனால் கணக்குப் பார்க்க வருகிறவர்கள் டேப்பை வைத்து வெளியேதான் அளப்பார்கள். நீளம், அகலம், உயரம். பெருக்கினால் எத்தனை டன் என்று வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது டேப்புக்குத் தெரியாது.

நானும் அளந்தேன், பெருக்கினேன். டன் கணக்கு அழகாக வந்தது. ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. குத்தினால் தெரிந்துவிடப் போகிற விஷயத்தை எதற்காகப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும்? முனை சாய்வாக வெட்டிய இரும்புக் குழாய் கையில் இருந்தது. இறக்கிவிட்டேன்.

கங்காணியிடமிருந்து கையை உருவிக்கொண்டு இன்னொரு இடத்தில் குத்தினேன். மண். அந்தப் பக்கம் போய்க் குத்தினேன். மண். மேலே ஒரு முழத்துக்கு உப்பு, உள்ளே முழுக்கக் களிமண். மண்மேட்டுக்கு உப்பில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த மேட்டைக் காட்டித்தான் அளத்து முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி பேங்கில் கடன் வாங்கியிருக்கிறார். விலை ஏறட்டும் என்று இரண்டு வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய அம்பாரம் என்று பேங்க் தாளில் எழுதியிருந்தது.

ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு வரப்பில் நின்ற வண்டிக்கு ஓடினேன். மேடம் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சண்முகவடிவு மேடம் ஆடிட்டர். நான் அவரிடம் தொழில் பழகுகிறேன். பன்னிரண்டாவது முடித்ததும், இனிமேல் பெஞ்சில் உட்கார முடியாது, வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். டிகிரி இல்லாதவனை எந்த ஆடிட்டரும் உள்ளே விடவில்லை. இவர் மட்டும் உட்காரச் சொன்னார்.

"கூட்டல் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லத் தெரியுமா?"

"அதுதான் நல்லா வரும்."

"நாளைக்கு வா" என்றார். அப்படித்தான் சேர்ந்தேன்.

மண்ணைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"எத்தனை இடத்துல?"

"குத்துன இடத்துல எல்லாம்."

வண்டியை விட்டு இறங்கினார். அதற்குள் அண்ணாச்சியே பைக்கில் வந்துவிட்டார். கங்காணி போன் செய்திருக்க வேண்டும்.

"வாங்கம்மா. பையன் புதுசோ?"

"பழகுறான் அண்ணாச்சி."

"நல்லாப் பழகுறான்." அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, உன் பேரென்ன?"

"ரூபஸ்."

"ரூபஸ் தம்பி, அடியில மண்ணு போட்டு மேடு கட்டித்தான் உப்பைக் குவிப்போம். தண்ணி ஏறாம இருக்க. அதைத்தான் நீ பாத்திருக்க."

"நான் என் நெஞ்சு உயரத்துக்குக் குத்தினேன் அண்ணாச்சி. மேட்டை அவ்வளவு உயரமாவா கட்டுவீங்க?"

கங்காணி பால்ராசு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தவில்லை.

"வாயி இருக்கு. பிழைச்சுக்கிடுவான். ஏ பால்ராசு, தம்பிக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடுல."

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அண்ணாச்சி மேடம் பக்கம் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டார். எனக்குக் கேட்டது.

"நீங்க ஆபீஸ் திறந்தப்போ முதல்ல வந்த கணக்கு யாருதும்மா?"

"உங்களுது."

"பொம்பளைகிட்டப் போய்க் கணக்கைக் குடுக்கானேன்னு பஜாரே சிரிச்சுது. குடுத்தனா இல்லையா?"

"குடுத்தீங்க அண்ணாச்சி."

"அப்ப ஓலையைப் போர்த்திட்டுப் போவோம். மேகம் வேற கூடுது."

"நீங்க ஷெட்டுக்குப் போங்க. தாளை எழுதிட்டு வாறோம்."

அண்ணாச்சி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் பைக்கைத் திருப்பினார். கங்காணி பின்னால் ஏறிக்கொண்டார்.

நாங்கள் வண்டிக்குள் உட்கார்ந்தோம்.

"மேடம், ஒண்ணு கேட்கவா?"

"கேளு."

"இது ரெண்டு வருஷமாக் கிடக்கு. அப்படின்னா போன வருஷமும் பேங்க் அனுப்பி ஒருத்தர் வந்து அளந்திருக்காரு. இந்த மாதிரிக் குழாய் அவர்கிட்டயும் இருந்திருக்கும். குத்தாமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. அதுக்கு ஒரு மனுஷனுக்கு எப்படி மேடம் கை வரும்? கேவலமா இல்ல?"

"அது யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வ?"

"அவர் ஆபீசுக்கே போய்க் கேட்பேன்."

"சரி."

தாளை அட்டையில் சொருகி என் மடியில் வைத்தார். தன் பச்சைப் பேனாவையும் கொடுத்தார். அதை யாரிடமும் கொடுக்க மாட்டார். ஆபீசில் பச்சையில் டிக் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"எழுது. பேங்குக்குப் போற தாள். அடிச்சு எழுதாத."

நீளம், அகலம், உயரம் எழுதினேன்.

"குறிப்புன்னு இருக்கே, அங்க என்ன எழுத?"

"என்ன பார்த்த?"

"மண்ணு."

"அதை எழுது. பெரிசா எழுது. மேனேஜருக்குக் கண்ணு மங்கல்."

மேலே ஒரு முழம் உப்பு, உள்ளே மண் என்று எழுதினேன்.

"அண்ணாச்சி சும்மா விடமாட்டாரு மேடம்."

"விடமாட்டாரு."

"உங்க முதல் கணக்கு போயிரும்."

"போகும். எழுது."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. காலேஜுக்குப் போனவனெல்லாம் என்னத்தைப் படித்துவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"கடைசியில ஒரு கட்டம் இருக்கு பாரு" என்றார். "போன வருஷம் சரிபார்த்தவர் பேர்."

"சொல்லுங்க, யாரு?"

"சண்முகவடிவு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடம்."

"ம்."

"நீங்களா?"

"நான்தான்."

காதுக்குள் ஙொய் என்றது. வெளியே ஓலை காற்றில் அடித்துக்கொண்டது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"குழாய் கொண்டுவர மறந்திருப்பீங்க."

"இல்ல. இதே டிக்கியிலதான் கிடந்துச்சு. டிக்கியைத் திறந்தேன். பார்த்தேன். மூடிட்டேன்."

"உள்ள மண்ணுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. குத்தினாத் தெரிஞ்சிருமேன்னுதான் குத்தல."

கையில் காய்ந்திருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"இதை எழுதினா என்ன ஆகும்?"

"பேங்க்ல இருந்து மேல எழுதுவாங்க. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கையெழுத்துப் போடுற உரிமையை எடுத்துருவாங்க."

"ஆபீஸ்?"

"மூடணும்."

"நான்?"

"உன்னை வேற யாரும் சேர்த்துக்கிடுறது கஷ்டம். கேட்டுப் பார்க்கேன்."

"இந்தக் கட்டத்தை விட்டுட்டா?"

"காலியா இருந்தா யாரும் கேட்கப் போறதில்ல. பழைய தாளை எவன் புரட்டுறான்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்ப எதுக்கு மேடம், டிக்கியில குழாய் கிடக்கு, வேணும்னா எடுத்துக்கோன்னு காலையில என்கிட்டச் சொன்னீங்க?"

"இந்த வருஷமும் நான் எடுக்கமாட்டேன்னு தெரியும்."

கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. நான் போட்ட ஓட்டை வழியாக இந்நேரம் அம்பாரத்துக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும். தூரத்தில் கங்காணி ஷெட்டிலிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"நீங்களே எழுதிருங்க மேடம்."

"பேனா உன்கிட்ட இருக்கு."

"என்னால..."

"எப்படிக் கை வரும்னு கேட்டியே ரூபஸ்" என்றார். "இப்ப எழுது."

பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற கட்டங்களெல்லாம் பச்சையில் நிறைந்திருந்தன. மேடம் அவசரப்படுத்தவில்லை. மழை வலுத்தது.

நான் எழுதவில்லை.