வேருக்கு முன் குனிந்த தலை

மரங்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலைச்சரிவில் ஒரு காட்டு ஆப்பிள் மரம் இருந்தது. அதன் வேர் பாறையைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. பனியும் காற்றும் அதை அசைத்ததில்லை. பழம் மட்டும் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மந்திகள்கூட ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சீமை ஆப்பிள் இருந்தது. முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். ஆனால் பழம் தேன். வழிப்போக்கர்கள் அதையே அண்ணாந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். முதுகு சாய்க்க மட்டும் காட்டு ஆப்பிளிடம் வந்தார்கள். அவர்கள் புகழ்ந்த சொல் ஒவ்வொன்றும் காட்டு ஆப்பிளுக்கு மனப்பாடம்.

ஒரு பெருமழையில் சீமை ஆப்பிளின் வேர் அழுகியது. தோட்டக்காரன் நல்லாண்டி அதில் மூன்று குச்சிகளை வெட்டி எடுத்துக்கொண்டு காட்டு ஆப்பிளிடம் வந்தான்.

"உன் அடிமரத்துல இதை ஒட்டுக் கட்டிப் பார்க்கிறேன். உன் வேர் இருந்தா இது பிழைச்சுக்கும்."

"இதுக்கு முன்னால கட்டியிருக்கியா?"

"இல்ல. நீதான் முதல்."

"என் தலையை வெட்டித்தான் தொழில் படிக்கணுமா? சரி. ஒரு கிளையை மட்டும் எனக்கு விட்டுடணும். அதுல என் பழம் காய்க்கட்டும்."

"சத்தியமா விடுறேன்."

அடிக்கிளை ஒன்றை விட்டுவிட்டு மேலே அறுத்தான். அறுத்த இடத்தைப் பிளந்து சொருகிய முதல் குச்சி காய்ந்தது.

"மொட்டு கீழே பார்க்குது. தலைகீழா சொருகிட்டியே, கெட்டிக்காரா!"

அடுத்த குச்சியை நேராக வைத்தான். அதுவும் காய்ந்தது. நல்லாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். காட்டு ஆப்பிளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் ஒரே குச்சி. அதுவும் காய்ந்தால் இந்த மலையில் வழிப்போக்கர்கள் புகழ வேறு மரம் கிடையாது; தன்னைத்தான் புகழ வேண்டும்.

அப்போது அந்தக் கடைசிக் குச்சி மெல்ல, "அண்ணே" என்றது.

இத்தனை வருடத்தில் சீமை ஆப்பிள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. காட்டு ஆப்பிள் மனம் இளகித் தோட்டக்காரனை அழைத்தது.

"டேய் நல்லாண்டி, நட்டநடுவுல வச்சா எப்படிடா ஒட்டும்? தோலுக்கு அடியில பச்சை ஓடுது பாரு. அவன் பச்சையும் என் பச்சையும் தொடணும். ஓரமா வச்சு இறுக்கிக் கட்டு."

அப்படியே வைத்து, நாரால் கட்டி, களிமண் பூசினான். குச்சி துளிர்த்தது. சில வருடங்களில் மேலே தேன்பழமும் அடிக்கிளையில் புளிப்புப் பழமும் தொங்கின.

திருவிழாவுக்கு வந்த நல்லாண்டியின் மைத்துனன் காராளன் கைக்கு எட்டியதைப் பறித்துக் கடித்தான். உடனே துப்பினான்.

"என்ன மச்சான், ஊரெல்லாம் பெருமை பேசுனீங்க! இதைக் குழம்புல போட்டா புளி மிச்சம்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அது நான் இல்லைங்க, கீழே நிக்கிற ஆளு" என்றது மேலிருந்து சீமை ஆப்பிள்.

'இந்த வேர்தான் அதைத் தாங்குகிறது' என்று நல்லாண்டி ஒரு வார்த்தை சொல்வான் எனக் காட்டு ஆப்பிள் காத்திருந்தது. அவன் வீட்டுக்குள் போய் ரம்பத்தை எடுத்து வந்தான்.

"சத்தியம் பண்ணினியே?"

"ஒரு கிளைதானே."

அறுத்துப் போட்டான்.

சீமை ஆப்பிளை உதறிவிடலாம் என்றால் காட்டு ஆப்பிளால் முடியவில்லை. இரண்டு பச்சையும் ஒன்றாகியிருந்தன. அடுத்த மழைக்கு, ஒட்டுக்குக் கீழே தரையை ஒட்டி ஒரு காட்டுத் துளிர் வந்தது. நல்லாண்டி வெட்டினான். பக்கத்திலேயே இன்னொன்று வந்தது.

"ஏன் இப்படி என் உயிரை வாங்குற?"

"அவனை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீங்க. பார்த்துக்குங்க. என்கிட்ட வரும்போது குனிஞ்சு வரணும். நீயும், உன் பிள்ளையும், பிள்ளையோட பிள்ளையும்."

அதற்குப் பிறகு அந்த மரம் யாரிடமும் பேசவில்லை.

அன்று முதல்தான் ஒட்டு மரங்கள் ஒட்டுக்குக் கீழே காட்டுத் துளிர் விடுகின்றன. மேலே பழம் எவ்வளவு இனித்தாலும், தோட்டக்காரன் வருடந்தோறும் அரிவாளோடு வந்து அந்த வேரின் முன் தலை குனிகிறான்.